கையில் காசில்லாதபோது மனசுக்கு வைத்தியம் தேடிய கதை

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா இல்லை. இருக்கும் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அம்மா நூறு நாள் வேலைக்கும், நடவு, களையெடுப்புக் காலத்தில் வயல் வேலைக்கும் போவார். நான் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பில் என் வேலை போனது. கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் மனசு மொத்தமாக உடைந்துபோனது. அதற்கு வைத்தியம் தேடி அலைந்ததில் 30,000 ரூபாய்க்கு மேல் போனது. அவ்வளவும் போன பிறகுதான், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடத்தில் அதே வைத்தியம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் நடக்கிறது என்று தெரிந்தது. அதை முதலிலேயே சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஆகட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வந்தது தூக்கமின்மை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சாப்பாடு இறங்காது. யாராவது “இப்ப எங்கம்மா வேலை பாக்குற?” என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அழுகை. பிறகு ஒரு நாள் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, நாச்சியார்கோயில் தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மூச்சு போதவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் உட்கார வைத்தார். தகவல் கேட்டுச் சித்தப்பா கார் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனைகள், ஒரு ராத்திரி அட்மிஷன். பில் 11,400 ரூபாய், கார் வாடகை 1,800. “ஹார்ட் நல்லா இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த டென்ஷனுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு வந்தது பேனிக் அட்டாக். உடம்பின் அபாய மணி காரணமில்லாமல் அடிப்பதுதான் அது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். ஆனால் முதல் தடவை வரும்போது அது மாரடைப்பா வேறெதுவுமா என்று நாமே முடிவு செய்யக் கூடாது. உடம்பைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையிலேயே செலவில்லாமல் எடுக்கலாம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அவையும் படபடப்பையும் சோர்வையும் கொண்டுவரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால், எழுந்து வந்துவிடாமல், “அப்படின்னா மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று அங்கேயே கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெரிந்திருந்தால் அடுத்த பல மாத அலைச்சல் இருந்திருக்காது.

அடுத்தது கோயில். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இது தோஷம் என்று தோன்றியது. திருவிடைமருதூருக்குப் போய், தோஷம் கழிய வேண்டும் என்று கிழக்கு வாசலில் நுழைந்து, மகாலிங்க சுவாமியை வணங்கிவிட்டு, வேறு வாசலால் வெளியே வந்தோம். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அம்மா அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டார். ஆனால் அதோடு நிற்காமல், யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் தாயத்தும் பரிகாரமும் என்று 4,000 ரூபாய் போனது. பெரியம்மா, மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்க வைக்கலாம் என்றார். அம்மா பயந்தார். மனநலம் என்றாலே அம்மாவுக்கு ஏர்வாடிதான் ஞாபகம். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகிப்போன செய்தியை அம்மா மறக்கவே இல்லை. “என் பொண்ண சங்கிலியில கட்ட விடமாட்டேன்” என்று அவர் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. நம் ஊர்ப் பெற்றோர் மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவதற்குப் பின்னால் பிடிவாதத்தைவிடப் பயம்தான் அதிகம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் கோபித்துக்கொண்டு போக்க முடியாது. ஒரு தடவை அவர்களையும் கூடக் கூட்டிக்கொண்டு போய், புறநோயாளிப் பிரிவில் நம்மை மாதிரி சாதாரண ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் போதும்.

அதற்குள் பஸ் ஏறுவதையே நிறுத்திவிட்டேன். கடைக்குப் போவதுகூட நின்றது. சென்னைத் தோழி ஒருத்தி போனில் பேசிவிட்டு, “நீ சைக்கியாட்ரிஸ்ட்டப் பாரு” என்றாள். பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் போனேன். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 25,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தோம், அதிலிருந்துதான் இந்தச் செலவு. பார்க்க 600 ரூபாய், மாத்திரைக்கு 850 ரூபாய். நெடுநேரம் காத்திருந்து உள்ளே போனால் சில நிமிடங்கள்தான் பேச்சு. பேசிச் சரிசெய்ய வேண்டும் என்றால் கவுன்சலிங் தனி, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் என்றார்கள். அது எங்களால் முடியாது. மாத்திரை மட்டும் சில மாதங்கள் சாப்பிட்டேன். உண்மையில் கொஞ்சம் தூக்கம் வந்தது, அழுகை குறைந்தது. ஆனால் மொத்தம் 6,000 ரூபாய் போன நிலையில் அடுத்த மாதத்துக்குக் காசில்லை, மாத்திரை நின்றது. இரண்டே நாளில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் ஷாக் அடிப்பது மாதிரி ஓர் உணர்வு. பழைய பயம் இரட்டிப்பாகத் திரும்பியது.

மனநல மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும் என்று யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எனக்குக் கொடுத்தது எஸ்சிட்டலோபிராம். இது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரம் குமட்டல் இருக்கும், படபடப்புகூட லேசாகக் கூடலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குளோனசிபாம் மாதிரி ஒன்று கொடுப்பார்கள், அது பழக்கமாகிவிடும் தன்மை உள்ளது. “இது எத்தனை நாளைக்கு டாக்டர்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு தீரப்போகிறது என்றால் வெட்கப்படாமல், மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அதே மருந்தோ அதற்கு இணையான மருந்தோ அங்கே இலவசம். அன்றைக்கு அங்கே இருப்பில்லை என்றால் மக்கள் மருந்தகத்தில் அந்த மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிப் பெயரில் வாங்குவதற்கும் மூலப்பெயரில் வாங்குவதற்கும் விலை நிறைய மாறும்.

அப்புறம் வந்த இணையவழி ஆலோசனைதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகக் கோபம் தருவது. போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். தமிழில் பேசுகிற மனநல ஆலோசகர், வீட்டிலிருந்தே பேசலாம், பஸ் ஏற வேண்டாம். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. முழுத் தொகுப்புக்கும் முன்பணமாக 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பேசியவர் என் கதையைக் கேட்டதைவிடத் தன் கதையைச் சொன்னதுதான் அதிகம். நல்லதையே நினையுங்கள், காலையில் கண்ணாடியைப் பார்த்து நான் வெற்றி பெறுவேன் என்று சொல்லுங்கள் என்றார். மாத்திரை எல்லாம் தேவையே இல்லை என்றும் சொன்னார். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, மீதிப் பணத்தைத் தாருங்கள் என்று கேட்டபோது பதிலே வரவில்லை. சங்கிலியை வைத்து வாங்கிய கடனின் கடைசிப் பகுதி அதில்தான் கரைந்தது.

யாரிடம் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியதை இப்போது தெரிந்து வைத்திருக்கிறேன். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவது அவர்தான். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேசியும் பயிற்சி கொடுத்தும் சிகிச்சை செய்வார். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். “உங்க பதிவு எண் என்ன சார்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உண்மையானவர் உடனே சொல்வார், அதைக் கழகத்தின் இணையதளத்தில் தேடியும் பார்க்கலாம். ஆலோசகர், லைஃப் கோச் என்றெல்லாம் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கச் சம்மதிக்காதவர்களிடம் போகாதீர்கள். உங்களைப் பார்க்கிற மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் அந்த நிமிடமே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணமும் போன வாரத்தில், ஒரு ராத்திரி, இருந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு வந்துவிட்டது. அம்மா பக்கத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு நான் பாரம், நான் இல்லாவிட்டால் கடனாவது நிற்கும் என்று மனசு கணக்குப் போட்டது. கணக்குப் பிரிவில் இருந்தவள் நான், அந்தக் கணக்கு எனக்குச் சரியென்றே பட்டது. அதை இப்போது நினைத்தால் நடுங்குகிறது. எங்கேயோ பார்த்திருந்த 14416 என்ற எண் ஞாபகம் வந்து, கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு அழைத்தேன். இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரிலும் சொல்வார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் ஒரு பெண். பெயர் சொல்லு, ஊர் சொல்லு என்று அவசரப்படுத்தவில்லை. “இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க? பக்கத்துல யார் இருக்கா?” என்றுதான் கேட்டார். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்று சொன்னதும் எனக்கு வந்த அழுகையை அவர் அடக்கச் சொல்லவில்லை, இருந்து கேட்டார். பிறகு அம்மாவை எழுப்பச் சொன்னார். நான் தயங்கினேன். “அம்மாவை எழுப்புற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்மா” என்றார். எழுப்பினேன். அம்மாவிடமும் பேசினார்.

அந்த எண்ணில் பேசினால் நோய் போய்விடாது. ஒரே ஆளிடம் வாராவாரம் பேசுகிற சிகிச்சையாகவும் அதை நினைக்க வேண்டாம். அந்த ராத்திரியைக் கடக்க வைப்பார்கள், அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். இரண்டுமே எனக்கு அப்போது தேவைப்பட்டது. லைன் கிடைக்காவிட்டால் விடாமல் மறுபடி அழையுங்கள். 104லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. உயிர் பற்றிய நினைப்பு வந்துவிட்டால் செலவு, மானம், அடுத்தவர் தூக்கம் எதையும் பார்க்காமல் வீட்டில் ஒருவரை எழுப்பிவிடுங்கள். போலீஸ் கேஸாகுமோ என்று என் அம்மா பயந்த மாதிரி பலர் பயப்படுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

அந்தப் பெண்தான் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். 1996லிருந்து நாட்டில் இருக்கிற திட்டமாம். எங்கள் காதுக்கு வந்ததே இல்லை. மறுநாள் எங்கள் ஊர் நர்ஸ் அக்காவிடம் கேட்டால், “ஏன் என்கிட்ட முன்னாடியே கேக்கல? எந்த நாள் வர்றாங்கன்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுச் சொல்றேன்” என்றார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவும் இருக்கிறது. அது போக, மாவட்ட மனநலக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கே வரும். எந்த நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். குழு வராத நாளில் போய்த் திரும்பினால் வயல் கூலி ஒரு நாள் போச்சு.

முதல் தடவை எங்கள் பகுதியில் உள்ள ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனோம். நல்லதையும் கஷ்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, ஆதார் இருந்தால் எடுத்துப் போங்கள். மருத்துவர்கள் மதியத்துக்குள் பார்த்து முடித்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும். காத்திருப்பு நீளம். மருத்துவர் மேசையைச் சுற்றி அடுத்தடுத்த ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் பின்னால் ஒருவர் நிற்கும்போது, சாகணும்னு தோணுது என்று எப்படிச் சொல்வது? நல்ல வேளை, போன் பேசிய பெண் சொன்னபடி ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன், எப்போது நிறுத்தினேன், அந்த ராத்திரி என்ன நடந்தது, வீட்டு வருமானம் என்ன என்று ஒரே பக்கத்தில். மருத்துவர் அதைப் படித்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, நின்றுகொண்டிருந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார். அந்தத் தாள் இல்லை என்றால் எனக்கும் மாத்திரை மட்டும்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் அப்படி. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? கடைசியில், “பேசிச் சிகிச்சை எடுக்கணும்னு ஆசைப்படுறேன் டாக்டர், உளவியலாளரப் பாக்க எழுதிக் கொடுங்க” என்று கேட்டேன். கேட்டதால் எழுதிக் கொடுத்தார். கேட்டால்தான் கிடைக்கும், இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு பற்றியும் அங்கேதான் தெளிவானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான். வந்து பேசிவிட்டுப் போகும் சிகிச்சைக்கு அந்த அட்டையும் தேவைப்படவில்லை, எந்த அட்டையும் தேவைப்படவில்லை. நான் முன்பு சொன்ன அதே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதற்கான அட்டை இல்லாவிட்டாலும் அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்று இருக்கிறது. நம் நோய் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு இது முக்கியமாக இருந்தது, ஏனென்றால் அந்த மருத்துவமனையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேறு பிரிவில் வேலை பார்க்கிறார்.

உளவியலாளரைப் பார்க்கும் நாட்கள் தள்ளித் தள்ளித்தான் கிடைக்கும். தனியாரில் வாராவாரம் ஒரு மணி நேரம் என்று சொல்வதெல்லாம் இங்கே நடக்காது. அதனால் நடுவில் இருக்கும் நாட்களை நாம்தான் பயன்படுத்த வேண்டும். எனக்கு ஒரு நோட்டு போடச் சொன்னார். பயம் வரும்போது எங்கே இருந்தேன், மனசில் என்ன ஓடியது, உடம்பில் என்ன ஆனது, அப்போது என்ன செய்தேன், பயம் நூற்றுக்கு எத்தனை. அடுத்த தடவை போனதும் அவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். கதை சொல்லவே நேரம் போகாமல், உட்கார்ந்தவுடன் வேலை ஆரம்பித்துவிடும். ‘வேலை போனதால் நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நான் எழுதியிருந்த வரியைக் காட்டி, உங்களோடு வேலை போன மற்றவர்களும் லாயக்கில்லாதவர்களா என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் பிரிவில் என்னைவிட நன்றாக வேலை தெரிந்த அக்காவுக்கும் அன்றைக்குத்தான் வேலை போனது. அதை நானே எழுதினேன், நானே படித்தேன். அவர் எதையும் என் வாயில் திணிக்கவில்லை.

பஸ் பயத்துக்குக் கொடுத்த பயிற்சிதான் என்னை வெளியே கொண்டுவந்தது. பயம் வந்தவுடன் பாதியில் இறங்கிவிடுவதால்தான், இறங்கியதால் தப்பித்தேன் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது என்று விளக்கினார். ஏறி உட்கார்ந்து, பயம் உச்சிக்குப் போய்த் தானே இறங்குகிற வரை இறங்காமல் இருக்க வேண்டும். ஆனால் ஒரேயடியாக இல்லை. முதலில் பஸ் ஸ்டாப்பில் சும்மா போய் நின்றுவிட்டு வருவது. பிறகு அம்மாவோடு அடுத்த ஸ்டாப் வரை. பிறகு தனியாக. ஒரு படியில் பயம் பாதியாகக் குறைகிற வரை அதே படியில் நிற்க வேண்டும், அடுத்ததற்கு ஓடக் கூடாது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது எனக்கு எப்படி உதவியது என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். டிக்கெட் எடுக்க வேண்டும் என்றால் தினமும் ஏறி இறங்கிப் பழகியிருக்கவே முடியாது. நடத்துனர்கள் சிலருக்கு முகம் பழகிவிட்டது. நாச்சியார்கோயில் வரை போய் உட்கார்ந்தபோது வியர்த்துக் கொட்டியது. மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விட்டபடி உட்கார்ந்திருந்தேன். பயம் நூற்றுக்குத் தொண்ணூறில் ஏறி, நாற்பதுக்கு இறங்கியது. இறங்கும் என்று என் உடம்புக்கே தெரிந்த நாள் அது. கும்பகோணம் வரை போனது அதற்கு ரொம்ப நாள் கழித்து, அதுவும் ஜன்னல் ஓரம் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி, பெரிய தெருவில் நிற்கிறேன் என்று சொன்னேன்.

ஒரு தடவை அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா கேட்ட முதல் கேள்வி, “கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடுமாம்மா?” என்பதுதான். உளவியலாளர் சிரிக்கவில்லை. “கல்யாணம் மருந்து இல்லம்மா. உங்க பொண்ணு முதல்ல நல்லா தூங்கட்டும், சாப்பிடட்டும், வேலைக்குப் போகட்டும். கல்யாணத்த அவங்க அப்புறம் முடிவு பண்ணிக்குவாங்க” என்றார். அதை நான் சொல்லியிருந்தால் வீட்டில் சண்டை. டாக்டரம்மா சொன்னார்கள் என்று அம்மா பெரியம்மாவிடமும் சொல்லி, பரிகாரப் பேச்சு அதோடு நின்றது. முடிந்தால் வீட்டில் முடிவெடுக்கிற ஒருவரை ஒரு தடவையாவது உள்ளே கூட்டிப்போய்விடுங்கள்.

காத்திருக்கும் பெஞ்சில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பெண்கள் ஓரளவு வருகிறார்கள். ஆண்கள் ரொம்பக் குறைவு, வந்தாலும் மனைவியோ அக்காவோ இழுத்துக்கொண்டு வந்தவர்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்பு போனதிலிருந்து தூக்கம் சரியில்லை என்றார். இத்தனை வருஷம் கழித்துத்தான் வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் வந்துபோக டிக்கெட்டும் சாப்பாடும் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடுகிறது, ஆண்களுக்கு இலவசப் பஸ்ஸும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் முதல் தடவை மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட்டு, மறு தடவைகளைத் தங்கள் தாலுகா மருத்துவமனைக்குக் குழு வரும் நாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். நானும் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். அம்மாவின் கூலி நாட்கள் மிச்சமாயின.

இப்போது குடவாசலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போகிறேன். சென்னைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. சங்கிலி இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது, வட்டி கட்டிக்கொண்டு வருகிறோம். மாத்திரை தொடர்கிறது, மருத்துவர் அளவைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறார். பயம் முழுசாகப் போய்விடவில்லை, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. ஓ.பி. சீட்டுகள் எல்லாவற்றையும், பழைய தனியார் சீட்டுகள் உட்பட, ஒரே பையில் வைத்திருக்கிறேன். மருத்துவர் மாறினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. தீபாவளி, பொங்கல் மாதிரி தொடர் விடுமுறை வருகிறது என்றால் அதற்கு முந்தைய வாரமே போய் மாத்திரை வாங்கி வைத்துவிடுங்கள். விடுமுறையில் புறநோயாளிப் பிரிவு இருக்காது, அவசரப் பிரிவில் போய் மாத மாத்திரை கேட்டால் தர மாட்டார்கள்.